எழுதி வைத்த எடையெல்லாம் எங்கே போயிற்று?

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முதியோருக்கு வரும் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, மாரடைப்பு பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் தொடர்ந்து கட்டுரைகள் வருகின்றன. நல்ல விஷயம்தான். ஆனால் அறுபது வயதுக்காரரின் நோயை அறுபதாவது வயதிலிருந்துதான் பேசத் தொடங்குகிறீர்கள். அவர் பிறந்தபோது என்ன எடை, ஒரு வயதில் எப்படி இருந்தார், அவரைச் சுமந்த காலத்தில் தாய் வயிறாரச் சாப்பிட்டாளா என்பதும் அந்த நோய்க்கணக்கில் சேரும் என்று மருத்துவ ஆராய்ச்சி சொல்லி முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. கன்னியாகுமரி மாவட்டத்தில் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அந்தக் கணக்கை எழுதி வைப்பதுதான் என் வேலையாக இருந்தது. அதனால்தான் இந்தக் கடிதம்.

இங்கிலாந்தில் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் என்றொரு மாவட்டம். அங்கே எதெல் மார்கரெட் பர்ன்சைட் என்ற தலைமைச் செவிலியர், 1911 முதல், பிறக்கிற ஒவ்வொரு குழந்தையின் எடையையும் அதே குழந்தை ஒரு வயதில் இருக்கும் எடையையும் பேரேட்டில் ஏற்ற ஏற்பாடு செய்தார். தாய்ப்பாலா, புட்டிப்பாலா என்றுகூட அதில் குறித்திருக்கிறார்கள். பல பத்தாண்டுகள் கழித்து டேவிட் பார்க்கர் என்ற பேராசிரியர் அந்தப் பேரேடுகளைத் தேடிப் பிடித்தார். அதில் பெயர் இருந்த ஆண்கள் பின்னாளில் எதனால் இறந்தார்கள் என்று ஒவ்வொருவராகப் பார்த்தது அவரது குழு. 5,654 ஆண்களைப் பற்றிய அந்த முடிவு 1989இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தது. ஒரு வயதில் எடை குறைவாக இருந்தவர்களிடையே மாரடைப்பில் இறந்தவர்கள் அதிகம். எடை பார்க்க வீடு வீடாகப் போன நர்சுகள் இதையெல்லாம் நினைத்திருக்கவே மாட்டார்கள்.

இது வெள்ளைக்காரர் கதை என்று ஒதுக்க வேண்டாம். மைசூரு ஹோல்ட்ஸ்வொர்த் மிஷன் ஆஸ்பத்திரி 1934 முதல் பிரசவக் குறிப்புகளைப் பத்திரமாக வைத்திருந்தது. அங்கே பிறந்தவர்களை நடுவயதில் தேடிப் பார்த்தபோதும், எடை குறைந்து பிறந்தவர்களுக்கு இதய நோய் கூடுதலாக இருந்தது. புனே பக்கத்துக் கிராமங்களில் 1993 முதல் டாக்டர் சித்தரஞ்சன் யாக்னிக் குழுவினர் கர்ப்பத்துக்கு முன்பிருந்தே பெண்களைப் பின்தொடர்ந்தார்கள். அங்கே குழந்தைகளின் சராசரி பிறப்பு எடை சுமார் 2.7 கிலோ, இங்கிலாந்தில் 3.5 கிலோ. நம் குழந்தைகளிடம் சதை குறைவு. ஆனால் தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. “ஆள் ஒல்லியாத்தானே இருக்கான், இவனுக்கு எப்படி சுகர் வந்தது?” என்று நம் ஊரில் கேட்கிறார்களே, அதற்குப் பாதிப் பதில் இங்கே கிடைக்கிறது. சரி, எடை குறைந்து பிறந்தவர்களுக்கெல்லாம் மாரடைப்பு வந்தே தீரும் என்று யாராவது சாயாக்கடையில் சொன்னால் நம்பாதீர்கள். பீடியை விட்டவருக்கும் உப்பைக் குறைத்தவருக்கும் எந்த வயதிலும் பலன் உண்டு.

இனி நம் கதை. அங்கன்வாடியில் உத்திரத்தில் தராசைத் தொங்கவிட்டு, துணித் தொட்டிலில் பிள்ளையின் கால்களை நுழைத்து எடை பார்ப்போம். பிள்ளை அலறி உதைக்கும். முள் இங்கும் அங்கும் ஆடும். அது அடங்கும்வரை காத்திருந்து படிக்க வேண்டும். பக்கத்தில் நிற்கும் பாட்டி, “சிஸ்டர், எடையை உரக்கச் சொல்லாதீங்க, கண்ணு பட்டிரும்” என்பார். நானும் வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டு பதிவேட்டில் எழுதுவேன். பெயர், தாய் பெயர், வீட்டு எண், பிறந்த எடை, மாதா மாதம் எடை, போட்ட தடுப்பூசி. மழைக்காலத்தில் குடைக்குள் வைத்துத் தூக்கிக்கொண்டு நடந்த பதிவேடுகள் அவை.

நான் வேலை பார்த்த ஒரு துணை சுகாதார நிலையத்தில் கட்டடம் மாறியபோது, அவற்றில் கறையான் தின்றது போக மிச்சமெல்லாம் ஆக்கர் கடைக்கு, அதாவது பழைய சாமான் கடைக்கு, எடைக்குப் போனது. விசாரித்தால், “எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏறியாச்சு” என்றார்கள். ஏறியது எது தெரியுமா? அந்த வருடம் மொத்தம் எத்தனை பிரசவம், அதில் 2.5 கிலோவுக்குக் கீழே எத்தனை என்ற தொகை மட்டும்தான். பெயர் போய்விட்டது. பெயர் போன பிறகு, அந்தப் பிள்ளைக்கு நாற்பது வயதில் சர்க்கரை வந்ததா, பிரஷர் வந்ததா என்று யார் எதை வைத்துப் பார்ப்பது?

இப்போதுதான் எல்லாம் ஆன்லைன் ஆயிற்றே என்று கேட்கலாம். கர்ப்பிணிக்கு பிக்மி எண். அவள் பிள்ளை பள்ளிக்கூடம் போனால் எமிஸ் எண். அவளுடைய மாமியாருக்கு வீட்டில் வந்து மாத்திரை தரும் மக்களைத் தேடி மருத்துவத்தில் இன்னொரு பதிவு. ஒரே வீட்டில் மூன்று தலைமுறை, ஆளுக்கொரு எண். ஒரே ஆள் தொட்டிலிலிருந்து ஊன்றுகோல்வரை வருகிற வரிசையாக அவற்றைக் கோத்துப் படிக்கிறவரை நான் இங்கே பார்த்ததில்லை.

ஒரு பருவத்தில் செய்ய வேண்டியதை அடுத்த பருவத்தில் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு ஃபோலிக் அமிலத்தைச் சொல்லலாம். கரு உண்டான நான்கு வாரத்துக்குள் சிசுவின் முதுகுத்தண்டு நரம்புக்குழாய் மூடிவிடும். சரியாக மூடாவிட்டால் பிள்ளை குறைபாட்டோடு பிறக்கும். அதற்கு முன்பிருந்தே ஃபோலிக் அமில மாத்திரை எடுத்தால், இந்தக் குறைபாட்டோடு ஏற்கெனவே ஒரு குழந்தை பெற்ற பெண்களுக்கு மறுபடியும் அப்படி நேரும் வாய்ப்பு 72 சதவீதம் குறைகிறது என்று பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 1991இலேயே காட்டிவிட்டது. நம்மிடம் பெண் வந்து பதிவு செய்யும்போது பெரும்பாலும் இரண்டாவது மாதம் தாண்டியிருக்கும். மாத்திரை கொடுக்கிறோம். மற்ற விதங்களில் அது நல்லதுதான், ஆனால் இந்த ஒரு காரியத்துக்குக் காலம் கடந்துவிட்டது. கல்யாணம் நிச்சயமானவுடனே கொடுக்க வேண்டிய மாத்திரை அது. கல்யாணத்துக்கு முன்னால் ஒரு பெண்ணிடம் இதைப் பேசினால் வீட்டில் என்ன சொல்வார்கள் என்பது எனக்கும் தெரியும், பேசித்தான் ஆகவேண்டும்.

இன்னொன்று. 1946 மார்ச்சில் ஒரே வாரத்தில் பிரிட்டனில் பிறந்த 5,362 பேரை இன்றுவரை பின்தொடர்கிறார்கள். இரண்டு வயதுக்குள் மார்ச்சளி, நிமோனியா போன்ற நுரையீரல் தொற்று வந்தவர்கள், பெரியவர்களானபின் மூச்சு நோயால் அகாலத்தில் இறக்கும் அபாயம் மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று 2023இல் அந்த ஆய்வு சொன்னது. கடப்புறத்தில் விறகுப் புகைக்குள் வளர்ந்து, அடிக்கடி சளி பிடித்து, வருடம் ஒருமுறை ஆஸ்பத்திரியில் படுத்த எத்தனை பிள்ளைகளை எனக்குத் தெரியும்! இன்று அவர்களுக்கு முப்பது, நாற்பது வயது.

முதுமையைப் பற்றியும் ஒரு வார்த்தை. புது மருந்துகளுக்கான சோதனைகளில் எழுபத்தைந்தைத் தாண்டியவர்களை, நாலைந்து நோய் சேர்ந்து இருப்பவர்களை, பெரும்பாலும் சேர்ப்பதில்லை. கடைசியில் அந்த மருந்தை அதிகம் விழுங்குவது அவர்கள்தான். தக்கலைப் பக்கம் ஒரு வீட்டில் பாட்டா ஒருவர் துணிக்கடைப் பையைக் கட்டிலில் கவிழ்த்தார். மூன்று டாக்டர்கள் கொடுத்தது. ஒரே பிரஷர் மாத்திரை, இரண்டு கம்பெனிப் பெயரில் இரண்டு அட்டை. இரண்டையும் போட்டுக்கொண்டிருந்தார், எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது என்றார். 45 வயது தாண்டியவர்களை நாடு முழுக்கக் கணக்கெடுத்த லாசி ஆய்வு 2017-18இல் முதல் சுற்றை முடித்தது, 72,000 பேருக்கு மேல். பெரிய காரியம். ஆனால் அதுவும் ஆளை 45இல்தான் சந்திக்கிறது.

நம் மாவட்டத்துக்கு ஆராய்ச்சி என்றால், இயற்கையாகவே கதிர்வீச்சு உள்ள மணவாளக்குறிச்சி மணல்தான். கருவி கொண்டு வருவார்கள், கதிர்வீச்சு அளப்பார்கள், போய்விடுவார்கள். இதே வகை மணல் உள்ள கேரளத்துக் கருநாகப்பள்ளியில் ஏறக்குறைய 70,000 பேரைப் பத்து வருடத்துக்கு மேல் பின்தொடர்ந்து, அந்தக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை என்று 2009இல் எழுதினார்கள். ஆளைப் பின்தொடர்ந்ததால்தான் அப்படி ஒரு பதில் சொல்ல முடிந்தது. நம் மாவட்டத்திலும் அப்படிப் பின்தொடர முடியும். 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு தமிழ்நாட்டில் முதலிடம் பெற்ற மாவட்டம் இது. வீட்டில் பிரசவம் நடந்ததாகக் கேள்விப்படுவதே அபூர்வம். கோயிலிலும் பள்ளிவாசலிலும் சர்ச்சிலும் யார் எந்த வீட்டுப் பிள்ளை, இப்போது எங்கே இருக்கிறான் என்று சொல்ல ஆள் உண்டு. 2017 ஒக்கிப் புயலின்போது கடலுக்குப் போனவர்களின் பட்டியலைக் கடற்கரை ஊர்கள் தாங்களே எழுதவில்லையா? வளைகுடாவில் இருப்பவனையும், ஆழ்கடலில் வாரக்கணக்கில் தங்குபவனையும் பகல் பதினொரு மணிக்கு வீட்டில் போய்த் தேடினால் கிடைக்க மாட்டான். அவன் ஊருக்கு வரும் கிறிஸ்துமஸ், ஓணம், கோயில் கொடை நாட்களில் தேடினால் கிடைப்பான்.

பெயரோடு வைத்தால் அந்தரங்கம் என்னாகும் என்ற பயம் நியாயமானது. ஆராய்ச்சிக்கு எடுப்பதானால் சம்மதம் கேட்டே எடுக்க வேண்டும். குழந்தை என்றால் பெற்றோர் சம்மதத்தோடு, ஏழு வயது ஆனபின் அந்தப் பிள்ளையின் இசைவையும் கேட்க வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐசிஎம்ஆர்) வழிகாட்டி சொல்கிறது. இன்ஷூரன்ஸ் கம்பெனி கையிலோ கல்யாணத் தரகர் கையிலோ ஒரு தாள் போகக் கூடாது.

நான் கேட்பது பெரிய பணம் செலவாகும் திட்டமல்ல. துணை சுகாதார நிலையங்களிலும் அங்கன்வாடிகளிலும் மிச்சமிருக்கும் பழைய பதிவேடுகளை ஆக்கர் கடைக்கு அனுப்புவதை மாவட்ட நிர்வாகம் உடனே நிறுத்தட்டும். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரியின் சமூக மருத்துவத் துறை மாணவர்களை அனுப்பி, பக்கம் பக்கமாகப் படம் எடுத்துப் பூட்டி வைக்கட்டும். ஆராய்ச்சி அப்புறம் நடக்கட்டும். தாய்மார்கள் தாய் சேய் நல அட்டையைத் தடுப்பூசி முடிந்ததும் தூக்கிப் போடாமல், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டோடு சேர்த்து வையுங்கள். உங்கள் நிருபர் ஒருவர் நாலைந்து துணை சுகாதார நிலையங்களுக்குப் போய், இருபது வருடத்துக்கு முந்தைய பதிவேடு இருக்கிறதா என்று கேட்டு எழுதினால், எங்கே எது மிச்சம் என்றாவது தெரிய வரும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
கன்னியாகுமரி மாவட்டம்.