வண்டியை எடைக்குப் போடவில்லை

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். நம் பழைய ராணுவ வண்டி ஜோங்காவைக் காயலான் கடைக்குப் போட்டுவிடும்படி நீ சொன்னதாகப் போன வாரம் அம்மா என்னிடம் தெரிவித்தாள். வண்டி உன் பெயரில் இருக்கிறது, உன் சம்பளத்தில் ஏலம் எடுத்தது, ஆகவே விற்பதும் வைத்திருப்பதும் உன் உரிமை. ஆனாலும் அது இப்போது எந்த நிலையில் நிற்கிறது என்று தெரிந்துகொண்டு நீ முடிவெடுக்க வேண்டும் என்பதால் இதை எழுதுகிறேன்.

பிரேக் வேலை முழுவதும் முடிந்துவிட்டது. நான்கு டிரம்களையும் கழற்றி, லேத்தில் கொடுத்துக் கடைந்து வாங்கினேன். வீல் சிலிண்டர்களுக்குள் துரு ஏறிப் பிஸ்டன்கள் இறுகிக் கிடந்தன. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்பதால், டெப்போவில் வருடக்கணக்காக ஓடாமல் நின்ற வண்டியில் அந்த இடம்தான் முதலில் கெடும். நீ அங்கே ஓட்டும் காருக்கும் இது பொருந்தும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை மாற்றச் சொல்லிக் கேள்.

பெடலை மிதித்தால் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் பழைய மாஸ்டர் சிலிண்டரை எடுத்துவிட்டு நீ சொன்ன இரட்டைச் சிலிண்டரையே பொருத்தியிருக்கிறேன். பழையதில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே வழிதான். எங்கேயாவது ஒரு குழாய் விட்டுவிட்டால் நான்கிலும் பிரேக் போய்விடும். புதியதில் முன்னது போனாலும் பின்னது பிடிக்கும். நீ அதைத் தாளில் வரைந்து காட்டியபோது, இந்தப் பிரேக்கை வைத்துக்கொண்டுதான் நாங்கள் மலைப்பாதைகளில் ஓட்டினோம் என்று சொல்லி, அந்தத் தாளைப் பார்க்காமலே மடித்து வைத்தேன். இப்போது அந்தத் தாளை விரித்து வைத்துக்கொண்டுதான் பைப்புகளை வளைத்தேன். ஓர் இடத்திலும் அளவு தவறவில்லை. லேத்காரரிடம் இது என் மகன் போட்ட கணக்கு என்று சொன்னேன்.

டீசல் என்ஜினுக்கு மாற்றிவிடலாம் என்று நீ சொன்ன விஷயத்தில் மட்டும் என் எண்ணம் மாறவில்லை. இப்போதுள்ள பெட்ரோல் என்ஜின் லிட்டருக்கு நான்கைந்து கிலோமீட்டர்கூடச் சரியாகக் கொடுக்காது என்பது எனக்கும் தெரியும். ஆனால் அந்த ஆறு சிலிண்டர், 3956 சிசி பெட்ரோல் என்ஜின் இல்லாவிட்டால் அது ஜோங்காவே அல்ல. நிஸான் கம்பெனியின் ‘பேட்ரோல்’ என்ற வண்டியை நம் ஜபல்பூர் தொழிற்சாலை ராணுவத்துக்காகக் கட்டியபோது உள்ளே வைத்த இதயம் அது. மேலும், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவின்படி அனுமதி வாங்காமல் என்ஜினை மாற்ற முடியாது. ராணுவ எண்ணை நீக்கிப் பதிவு வாங்க நீ எத்தனை முறை ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு அலைந்தாய் என்பதை நான் மறக்கவில்லை. ஒரு முடிவு எடுத்தால் அதை விடாமல் முடிப்பவன் நீ. அதனால்தான் பாதியில் விட்டுவிடச் சொல்லும் இந்த வார்த்தை உன்னுடையது போல எனக்குத் தோன்றவில்லை.

உன் அக்காள் பெண்ணின் அரங்கேற்றம் நன்றாக நடந்தது. அதைப் பிறகு விரிவாக எழுதுகிறேன்.

பெட்ரோல் போகும் ரப்பர் குழாய்கள் எல்லாவற்றையும் மாற்றியாகிவிட்டது. இப்போது கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்திருக்கிறது. பழைய ரப்பர் அதில் ஊறி உப்பி, பிறகு வெடிப்பு விடுகிறது. பெட்ரோலைக் கார்புரேட்டருக்கு ஏற்றும் ஏசி பம்பின் டயாஃப்ரத்தையும் எத்தனால் தாங்கும் வகையாகப் பார்த்து வாங்கினேன்.

குழாய் என்று எழுதியபின் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. போன வருடம் ஆயுத பூஜைக்கு முந்தின நாள், நீ செல்ஃபைத் தட்டியதும் தீப்பிடித்ததே, அது உன் தவறால் அல்ல. நீ முதல் நாள் இரவே எல்லாக் கிளாம்புகளையும் முறுக்கி முடித்திருந்தாய். விடியற்காலையில் நீ தூங்கிக்கொண்டிருந்தபோது நான் போய், கசடு இருக்கிறதா என்று பார்க்க ஏசி பம்பிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் குழாயைக் கழற்றினேன். திரும்ப மாட்டும்போது பால்காரர் கூப்பிட்டார். போய்விட்டு வந்தவன் கிளாம்பை முறுக்கவில்லை. பெட்ரோல் சொட்டித் தீப்பற்றியது. நீ ஈரச் சாக்கைப் போட்டு அமுக்கியபோது உன் வலது உள்ளங்கை வெந்தது. அக்கம்பக்கத்தார் எல்லோரும் நிற்கும்போது, ஒரு கிளாம்பை முறுக்கத் தெரியாதவன் என்ஜினில் கை வைக்கக் கூடாது என்று நான் சொன்னேன். அன்று இரவே டார்ச் அடித்துப் பார்த்தேன். கிளாம்பு குழாயின் நடுவில் தளர்ந்து கிடந்தது. நான் விட்ட இடத்திலேயே கிடந்தது. பணிமனையில் என்னிடம் வேலை கற்றுக்கொண்ட பையன்களில் யாராவது இப்படிச் செய்திருந்தால் தண்டனை வாங்கிக் கொடுத்திருப்பேன். நீ மருத்துவமனையிலிருந்து கட்டோடு வந்து உட்கார்ந்திருந்தாய். சொல்ல வாய் வரவில்லை. நீ டொராண்டோவுக்குக் கிளம்பும் நாளிலும் வரவில்லை. அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. இந்தக் கடிதத்தை அவளிடம் படித்துக் காட்டிய பிறகே தபாலில் சேர்ப்பேன்.

அங்கே குளிரில், வெந்து ஆறிய தோல் வெடிக்கும் என்று சொல்கிறார்கள். கையை மடக்க முடிகிறதா? பனியில் ஓட்டும்போது ஸ்டியரிங் பிடிக்க வலிக்கிறதா? பிரேக் ஆயிலை மறந்துவிடாதே.

டிங்கரிங் முடிந்து பட்டி பார்த்துத் தேய்த்தாகிவிட்டது. பெயின்டர் நிறம் கேட்கிறார். ஆலிவ் பச்சையை ராணுவ வண்டிகளைத் தவிர வேறு எதற்கும் அடிக்கக் கூடாது என்பது 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 121ஆவது விதி. அந்தப் பச்சையை உப்புத்தாள் போட்டு உரித்தபோது அடியில் இன்னும் இரண்டு பச்சைப் பூச்சுகள் இருந்தன. மணல் நிறம் என்று நீ முன்பு ஒருமுறை சொன்னாய். அதுதானா என்று எனக்கு உறுதியாகத் தெரிய வேண்டும். விற்பதாக இருந்தாலும் பெயின்ட் அடித்துத்தான் கொடுப்பேன், ஆகவே நிறத்தை அம்மாவிடமாவது சொல்.

இப்படிக்கு,
அப்பா