வெங்காயத்துக்கு திடீர் தடை இனிமேலாவது வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

வெங்காய ஏற்றுமதி வரியை 2025 ஏப்ரல் 1ல இருந்து எடுத்துட்டாங்க, சந்தோஷம்தான், ஆனா விலை ஏறினா மறுபடி போட மாட்டாங்கன்னு எந்த உத்தரவாதமும் இல்ல, அதனாலதான் இதை எழுதுறேன். பெரம்பலூர் பக்கம் சின்ன வெங்காயம் போடுற குடும்பம் எங்களுது.

2023 ஆகஸ்ட்ல 40 சதவீதம் வரி, அக்டோபர்ல டன் 800 டாலருக்குக் கீழ அனுப்பக்கூடாதுன்னு ஒரு ரூல், டிசம்பர் 8ல மொத்தமா தடை. நாலு மாசத்துக்குள்ள மூணு உத்தரவு! சின்ன வெங்காயம் நட்டு எடுக்க எழுபது நாள் கிட்ட ஆகும், நடும்போது இருந்த சட்டம் பறிக்கும்போது இல்லைன்னா எந்த ஏற்றுமதியாளர் தைரியமா மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் ஆர்டர் பிடிப்பார் சொல்லுங்க. இத்தனைக்கும் வடக்க விலை ஏறுனது பெரிய வெங்காயம், சாம்பார் வெங்காயத்தை அங்க யாரும் மூட்டை மூட்டையா வாங்குறதில்ல, ஆனா தடை மட்டும் ரெண்டுக்கும் சேர்த்து.

தடை இருக்கும்போதே 2024 ஏப்ரல்ல குஜராத் வெள்ளை வெங்காயம் 2000 டன்னுக்கு தனியா பெர்மிஷன் கொடுத்தாங்க. அந்த விவசாயி மேல எனக்கு கோபமே இல்ல, அவர் பொருளை அவர் விக்கிறார். ஆனா கதவைப் பூட்டி சாவியை அதிகாரி கையில கொடுத்தா, மேலிடத்துல ஆள் பிடிக்கத் தெரிஞ்சவங்களுக்குத்தான் திறக்கும், எங்களுக்கு எப்பவும் திறக்காது. 2020லயும் இதே மாதிரி திடீர் தடைதான், அத்தியாவசியப் பொருள் கட்டுப்பாட்டை தளர்த்துற மசோதா செப்டம்பர் 15ல மக்களவைல பாஸாகுது, அதுக்கு முந்தின நாள் வெங்காய ஏற்றுமதிக்கு தடை!

ஏழைங்க வாங்க வேண்டாமான்னு கேப்பாங்க. கண்டிப்பா வாங்கணும். அரசு மார்க்கெட் விலைக்கு வாங்கி ரேஷன் கடைல குறைச்சு கொடுக்கட்டும், அந்த செலவு பட்ஜெட்ல எல்லாருக்கும் தெரியுற மாதிரி இருக்கட்டும். அதை விட்டுட்டு தடை போடுறது விவசாயிகிட்ட மட்டும் வசூல் பண்ற வரிதான், அதுக்கு ரசீதும் கிடையாது, சட்டசபைலயோ பார்லிமெண்ட்லயோ ஓட்டும் கிடையாது. பறிப்புக் கூலிக்கே கட்டாத விலைக்கு வித்து, மிச்சத்தை பட்டறைல (வெங்காயம் சேமிச்சு வைக்கிற இடம்) அழுக விட்ட வருஷங்கள்ல எங்க நஷ்டத்தை யார் வந்து பங்கு போட்டுக்கிட்டாங்க?

நாங்க மானியம் கேக்கல. சின்ன வெங்காயத்துக்கு தனி ஏற்றுமதி குறியீடு (எந்தப் பொருள்னு அடையாளம் காட்டுற எண்) கொடுங்க, பெரிய வெங்காயத்தோட சேர்த்துக் கட்டாதீங்க, எந்த மாத்தமா இருந்தாலும் நடவுக்கு முன்னாடியே சொல்லிடுங்க, நட்ட பயிருக்கு அது செல்லாதுன்னும் எழுதிக் கொடுங்க.

இப்படிக்கு,
ஒரு வெங்காய விவசாயி, பெரம்பலூர் மாவட்டம்