அப்பத்தாவின் பாட்டு குறித்து அப்பாவுக்கு

தண்டர் பே, கனடா
நவம்பர் 16, 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நீங்கள், அம்மா, அப்பத்தா, தங்கை, தம்பி எல்லோருடைய நலமும் அறிய ஆவல். ஆவணி மாதம் நீங்கள் எழுதிய கடிதத்துக்கு ஐப்பசி முடியும் தறுவாயில்தான் பதில் எழுதுகிறேன் என்பது எனக்கு மிகவும் உறுத்தலாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தோறும் தொலைபேசியில் பேசினாலும், நான்கு பேர் ஒரே கைபேசியைச் சுற்றி நின்று பேசும்போது எதையும் முழுதாகச் சொல்ல முடிவதில்லை. உங்கள் கடிதத்தில், புதிய பாம்பன் பாலத்தில் ரயில் போவதைப் பார்க்க அப்பத்தாவைக் கூட்டிக்கொண்டு போனதாகவும், ரயில் கண்ணைவிட்டு மறையும் வரை அவர் ஒரு சொல்லும் பேசாமல் நின்றதாகவும், வீட்டுக்கு வந்தபின் அன்று இரவு முழுவதும் தாழ்ந்த குரலில் பாடிக்கொண்டிருந்ததாகவும் எழுதியிருந்தீர்கள். அந்த வரிகளைப் பற்றித்தான் இந்தக் கடிதம் முழுவதும் எழுதப் போகிறேன்.

முதலில் அம்மா கேட்பதற்குப் பதில். குளிர் தொடங்கிவிட்டது, ஆனால் இதைவிடக் கடுமையான குளிர் இனிமேல்தான் வரும். தையில் பூஜ்யத்துக்குக் கீழே முப்பது டிகிரி வரை இறங்குவது இங்கே வழக்கம். நான் வேலைக்கு இப்போது பேருந்தில் போவதில்லை, நடந்தே போகிறேன்; நடை உடம்புக்கு நல்லது. முதியோர் இல்லத்துச் சமையலறையில் எனக்கு வேலை நேரத்தைச் சற்றுக் குறைத்திருக்கிறார்கள், அதனால் ஓய்வும் கிடைக்கிறது. சாப்பாட்டுக்குக் குறையில்லை. ஏரியில் பிடித்த மீன் கிடைக்கிறது. நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் நன்னீர் மீன் என்பதால் எவ்வளவு புளி கரைத்தாலும் குழம்பில் கடல் வாசம் ஏறுவதில்லை. இந்த ஊருக்கே உரியதாகப் பெர்ஷியன் என்று ஒரு பலகாரம் உண்டு. எண்ணெயில் பொரித்த இனிப்பு ரொட்டியின் மேல் இளஞ்சிவப்புப் பழச்சர்க்கரையைப் பூசித் தருவார்கள். தம்பி ஒரே மூச்சில் நான்கு தின்பான்.

கீழ்வீட்டுப் பெரியவரைப் பற்றி ஏற்கெனவே சொல்லியிருக்கிறேன். துறைமுகத்துத் தானியக் கிடங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய தாத்தா பாட்டி பின்லாந்திலிருந்து வந்து குடியேறியவர்கள். சென்ற ஆண்டு நீங்கள் கொடுத்தனுப்பிய நெத்திலிக் கருவாட்டை நான் முதன்முதலில் வறுத்த அன்று அவர் வந்து கதவைத் தட்டினார். வாசனையைப் பற்றிப் புகார் சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நடுங்கிப்போனேன். அவரோ கையில் ஒரு கண்ணாடிக் குப்பியில் உப்பிட்ட மீனைக் கொண்டுவந்து, தன் அம்மா செய்யும் பக்குவம் இதுதான், நீ செய்தது எந்தப் பக்குவம் என்று கேட்டார். அன்றிலிருந்து பழக்கம். அவருக்குப் பாட்டுதான் உயிர். மாதம் ஒரு சனிக்கிழமை மாலை அவர் வீட்டு நிலவறையில் ஏழெட்டுப் பேர் கூடுவார்கள். ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்த ஒரே ஒரு பாட்டின் பதிவைக் கொண்டுவர வேண்டும். அது ஏன் பிடிக்கும் என்று சொல்ல வேண்டும். பாட்டு முடியும் வரை யாரும் பேசக் கூடாது. இவ்வளவுதான் விதி.

நாட்டுப்புறப் பாட்டு என்றால், யார் கட்டியது என்று தெரியாமல் வாய்வழியாக வந்த பாட்டு என்றே நான் நினைத்திருந்தேன். இங்கே அந்தப் பெயரிலேயே வேறொரு மரபும் இருக்கிறது. ஒருவர் தாமே பாட்டுக் கட்டி, தாமே மெட்டமைத்து, பெரும்பாலும் ஒரு கிதாரை மட்டும் வைத்துக்கொண்டு தம் குரலிலேயே பாடிப் பதிவு செய்கிறார். குரல் இனிமையாக இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. பாடுகிறவருக்குச் சொல்வதற்கு ஒன்று இருக்கிறதா என்றுதான் கேட்பவர்கள் பார்க்கிறார்கள். தச்சு வேலை செய்யும் ஒருவர், டேவிட் ஃபிரான்சி என்பவரின் பாட்டைக் கொண்டுவந்தார். ஸ்காட்லாந்திலிருந்து பன்னிரண்டு வயதில் கனடாவுக்கு வந்து, பல ஆண்டுகள் கட்டட வேலை செய்து, தம் முதல் இசைத்தட்டை 1999-இல், நாற்பத்தைந்து வயதில் வெளியிட்டவராம். கிதார் வாசிக்கும் ஓர் அம்மையாருக்குப் பாடகி ஜோனி மிட்செல்தான் எல்லாம். ஒன்பது வயதில் இளம்பிள்ளை வாதம் தாக்கி இடது கை பலம் குன்றியதால், எல்லோரும் பிடிப்பதுபோல் கிதாரின் சுரங்களைப் பிடிக்க முடியாமல், தந்திகளின் சுருதியையே தம் கைக்கேற்ப மாற்றி அமைத்துக்கொண்டு, அதிலிருந்தே யாரிடமும் இல்லாத ஓசையை ஜோனி உருவாக்கினார் என்று, தாமே தந்திகளைத் தளர்த்தி அவர் வாசித்துக் காட்டினார்.

எங்கள் முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் செவிலியர் கொண்டுவந்தது ஸ்டான் ரோஜர்ஸ் பாடிய, மூழ்கிய கப்பல் ஒன்றை மாலுமிகள் மீட்டெடுப்பதாகக் கட்டப்பட்ட பாட்டு. 1983 பிப்ரவரியில் அமெரிக்காவின் வர்ஜீனியா கரைக்கு அப்பால் ஒரு நிலக்கரிக் கப்பல் கவிழ்ந்து 31 பேர் இறந்தார்கள். பிழைத்தவர்கள் மூன்றே பேர். அவர்களில் ஒருவர், உறையவைக்கும் நீரில் தலைக்குமேல் அலை புரளும்போதெல்லாம் இந்தப் பாட்டின் பல்லவியைப் பாடிப் பாடியே விடியும்வரை உயிரைப் பிடித்துக்கொண்டிருந்ததாக ஸ்டான் ரோஜர்ஸுக்குப் பின்னர் எழுதினாராம். அதே ஆண்டு ஜூன் மாதம், விமானத்தில் பற்றிய தீயில் ஸ்டான் ரோஜர்ஸ் இறந்துபோனார். வயது 33. அந்தச் செவிலியர் இதைச் சொல்லி முடித்துப் பாட்டை ஓடவிட்டபோது, கடலுக்குப் போன தம்பி திரும்பும்வரை வாசலில் உட்கார்ந்திருக்கும் அம்மாவின் முகம்தான் எனக்கு முன்னால் வந்தது.

ஆனால் பெரியவர் கொண்டுவந்த பாட்டுதான் என்னை விட்டுப் போகவில்லை, அப்பா. நான் இருக்கும் ஊர் சுப்பீரியர் ஏரியின் கரையில் இருக்கிறது. ஏரி என்றால் நம் ஊர்க் கண்மாயை நினைக்காதீர்கள். இதன் பரப்பு 82,000 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டின் பரப்பில் பாதிக்கு மேல். 1975 நவம்பர் 9 அன்று இதன் மேற்கு முனையிலிருந்து எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்டு என்ற 729 அடி நீளக் கப்பல் ஏறத்தாழ 26,000 டன் இரும்புத்தாதுவை ஏற்றிக்கொண்டு டெட்ராய்ட் பக்கம் புறப்பட்டது. புயலுக்கு அஞ்சிக் கனடாவின் கரையை ஒட்டியே வந்தும், மறுநாள் இரவு ஏழு மணிக்குப் பிறகு மூழ்கிப்போனது. 29 பேர். ஒருவர் உடல்கூட மீட்கப்படவில்லை. இந்த ஏரியின் குளிர், மூழ்கிய உடலை மேலே மிதக்க விடாது என்று பெரியவர் சொன்னார்.

கார்டன் லைட்ஃபுட் என்ற பாடகர் பத்திரிகையில் அந்தச் செய்தியைப் படித்துவிட்டுப் பாட்டைக் கட்டி, விபத்து நடந்த மறுமாதமே டொராண்டோவில் பதிவு செய்தார். குழுவினர் முதன்முறை சேர்ந்து வாசித்ததே இசைத்தட்டில் இடம்பெற்றதாம். ஆறு நிமிடங்களுக்கு மேல் ஓடும் பாட்டு. சரக்கின் எடை, போகும் வழி, நேரம் என்று எல்லாவற்றையும், பஞ்சாயத்தில் சாட்சி சொல்பவரைப்போல அடுக்கிக்கொண்டு போகிறார். எங்கும் குரலை உயர்த்தி அழவில்லை. அதனாலேயே கேட்கும் நமக்குத் தொண்டை அடைக்கிறது. பெரியவர் மேலும் ஒன்று சொன்னார். கப்பலின் மேல்தளத்து மூடி ஒன்று உடைந்ததாகப் பாட்டில் ஒரு வரி வருகிறது. மாலுமிகளின் கவனக்குறைவு காரணமல்ல என்று 2010 வாக்கில் ஓர் ஆய்வு சொன்னதும், இறந்தவர்களின் குடும்பத்துக்கு அந்த வரி வலிக்கக் கூடாது என்று, முப்பத்தைந்து ஆண்டுகள் பாடிவந்த வரியை மேடையில் லைட்ஃபுட் மாற்றிப் பாடத் தொடங்கினாராம். 2023 மே மாதம் அவர் இறந்தபோது, டெட்ராய்ட் மாலுமிகள் தேவாலயத்தில் மணியை முப்பது முறை அடித்தார்கள். இருபத்தொன்பது அந்த மாலுமிகளுக்கு, ஒன்று அவருக்கு.

இதைக் கேட்டவுடன் எனக்கு, இறந்த தன் அண்ணனுக்காக அப்பத்தா பாடும் ஒப்பாரியின் ஒரு வரி நினைவுக்கு வந்தது. தனுஷ்கோடிப் புயலன்று வள்ளத்தை இழுத்துக் கட்டப்போன தன் அண்ணனை விட்டுவிட்டுக் கூட்டாளி மட்டும் கரையேறினார் என்று பழித்து ஒரு வரி முதலில் இருந்ததாகவும், அந்தக் கூட்டாளி பல ஆண்டுகள் கழித்து நம் வாசலுக்கு வந்து தூணைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டுப் போன நாளிலிருந்து அப்பத்தா அந்த வரியைப் பாடுவதில்லை என்றும் மேலவீட்டு அத்தை எனக்குச் சொல்லியிருக்கிறார். லைட்ஃபுட் செய்ததும் அப்பத்தா செய்ததும் ஒன்றுதானே அப்பா? அவர் செய்தது எல்லோருக்கும் தெரியும். அப்பத்தா செய்தது நம் தெருவுக்கு மட்டும்தான் தெரியும்.

போன வாரச் சனிக்கிழமை என் முறை வந்தது. கப்பல் மூழ்கி ஐம்பது ஆண்டு நிறைவதற்கு இரண்டு நாள் முன்பு. என் கைபேசியில் இருந்தது, சென்ற முறை ஊருக்கு வந்திருந்தபோது எடுத்த ஒன்றரை நிமிடப் பதிவு மட்டுமே. அப்பத்தா முற்றத்தில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டே பாடுவார். காக்கைச் சத்தமும், உள்ளே அம்மா குக்கரை இறக்கும் சத்தமும், நடுவில் நீங்கள் யாரையோ கூப்பிடும் குரலும் கேட்கும். பாட்டு பாதியில் அறுந்துவிடும். அதையே போட்டேன். மொழி தெரியாத ஏழு பேரும் அசையாமல் கேட்டார்கள். இன்னொரு முறை போடச் சொன்னார் பெரியவர். இதைக் கட்டியவர் யார் என்று கேட்டார். என் பாட்டி என்றேன். மீதி எங்கே என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை.

அன்று கடைசியாக ஓடியது வில்லி டன் என்பவரின் பாட்டு. மொன்றியலில் பிறந்த, மிக்மாக் பழங்குடியைச் சேர்ந்த பாடகர். பாட்டு ஒரு பையனைப் பற்றியது. இங்கிருந்து மேற்கே ஏறத்தாழ 500 கிலோமீட்டரில் உள்ள கெனோராவில், பழங்குடிப் பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரித்து அடைத்துவைத்த உறைவிடப் பள்ளி ஒன்றிலிருந்து 1966 அக்டோபரில் ஒரு பன்னிரண்டு வயதுப் பையன், சானி வென்ஜாக், வீட்டுக்குப் போக வேண்டும் என்று தப்பி, ரயில் பாதையைப் பிடித்துக்கொண்டு நடந்தான். வீடு 600 கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. மெல்லிய மேல்சட்டையோடு, குளிரில், தண்டவாளத்தின் ஓரத்திலேயே இறந்துகிடந்தான். அந்தப் பாட்டு முடிந்ததும் நான் எழுந்து மாடிக்கு வந்துவிட்டேன். ஜன்னலைத் திறந்து கொஞ்ச நேரம் நின்றேன். தூரத்தில் சரக்கு ரயில் போகும் சத்தம் கேட்டது. அப்பா, வீட்டுக்கு எந்தத் திசையில் நடக்க வேண்டும் என்பதுகூட எனக்கு இங்கே தெரியவில்லை. முற்றத்து வேம்பு, அம்மா காலையில் சாணம் தெளிக்கும் ஓசை, உங்கள் செருப்புச் சத்தம் எல்லாம் ஒன்றாக வந்துவிட்டன. இதை அம்மாவுக்குப் படித்துக்காட்ட வேண்டாம். மறுநாள் சரியாகிவிட்டேன்.

இப்போது நான் கேட்பது இதுதான். அப்பத்தாவுக்கு எழுபத்தெட்டு ஆகிறது. வருகிற மார்கழியில், டிசம்பர் 22 இரவு, புயல் வந்து அறுபத்தொரு ஆண்டு நிறைகிறது. அன்று அவர் எப்படியும் பாடுவார். அந்தப் பாட்டை முதலிலிருந்து கடைசிவரை பதிவு செய்ய வேண்டும். அதற்குமுன் அப்பத்தாவிடம் கேட்டு, அவருக்குச் சம்மதம் என்றால் மட்டும் செய்யுங்கள். ஒப்பாரியை இழவு வீட்டுக்கு வெளியே பாடுவது ஆகாது என்று மண்டபத்துச் சித்தப்பா தடுப்பார். அவர் சொல்வதை நான் மதிக்கிறேன், ஆனால் அப்பத்தா ஆண்டுதோறும் பாடுவது தன் அண்ணனோடு பேசுவது என்று நீங்கள் அவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். பாட்டில் வரும் ஆட்களின் பெயர்களையும், எந்தத் துறை, எந்த வள்ளம் என்பதையும் நீங்கள் உங்கள் கையெழுத்தில் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். விட்டுவிட்ட அந்த ஒரு வரியை மட்டும் யாரும் கேட்கவோ எழுதவோ வேண்டாம்.

தங்கைக்குத் தங்கச்சிமடத்திலிருந்து வந்திருக்கும் வரனைப் பற்றி எழுதியிருந்தீர்கள். பையனுக்கு நிலையான வேலை என்பது நல்லதுதான். ஆனால் தங்கை பி.எட். முடிக்கும்வரை அவர்கள் பொறுத்திருக்க வேண்டும் என்பதில் நீங்கள் இளகிவிடாதீர்கள். அம்மாவின் முழங்காலை ராமநாதபுரத்தில் காட்டுவதைத் தள்ளிப்போட வேண்டாம். பின்கட்டுக் கூரைக்குத் தகடு போடும் பணத்தை இந்த மாதம் அனுப்புவதாகச் சொல்லியிருந்தேன். வங்கியில் ஒரு சிறு தாமதம், அடுத்த மாதம் பதினைந்து தேதிக்குள் நிச்சயமாக வந்துவிடும். அதற்காக அம்மாவின் தோட்டை மட்டும் அடகு வைக்காதீர்கள். மனைப் பட்டாவில் பெயர் மாற்றுவதற்கு என் கையெழுத்து வேண்டும் என்றால், தாளைத் தபாலில் அனுப்புங்கள்; பெரியவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போய் இங்கே சான்றளித்து அனுப்புகிறேன்.

பதிவு செய்வதைத் தம்பி பார்த்துக்கொள்ளட்டும். கைபேசியை அப்பத்தாவின் மடிக்கு அருகில் ஒரு முழத் தூரத்தில் வைத்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு, அவர் தானாக முடிக்கும்வரை யாரும் கூப்பிடாமல் இருக்கச் சொல்லுங்கள். நடுவே அவர் தண்ணீர் கேட்டால் கொடுங்கள், ஆனால் பதிவை நிறுத்த வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்