சுருக்கும்போது ‘நான்’ தொலையக் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பெரியவர்களுக்கென எழுதப்பட்ட தன்வரலாறுகளைச் சுருக்கிச் சிறார் பதிப்பாகக் கொண்டுவருவது வரவேற்க வேண்டிய முயற்சி. ஆனால் அப்படி வரும் நூல்களில் பல, பிறந்தார், படித்தார், போராடினார், விருது பெற்றார் என்று முடிந்துவிடுகின்றன. தவறு எங்கே நேர்கிறது என்பதைச் சிறார் நூல் தொகுப்புப் பணியில் இருப்பவர்கள் என்ற முறையில் எழுதுகிறோம்.

முதல் தவறு, ‘நான்’ என்பதை ‘அவர்’ ஆக்குவது. சுருக்குபவருக்கு அது வசதிதான். பத்துப் பக்கத்தை இரண்டு வரியில் அடக்கிவிடலாம். ஆனால் தன் வயதில் இன்னொருவர் எதற்குப் பயந்தார், எதைத் தப்பாகப் புரிந்துகொண்டார் என்று அறியத்தான் ஒரு சிறுமி அந்த நூலைக் கையில் எடுக்கிறாள். படர்க்கைக்கு மாறியதும் அது காணாமல் போகிறது. எவ்வளவு சுருக்கினாலும் தன்மையிலேயே இருக்கட்டும்.

அடுத்தது, எதை வெட்டுவது என்ற கேள்வி. இளமைப் பருவத்தை ஓர் அத்தியாயத்தில் முடித்துவிட்டுச் சாதனைகளுக்கு இடம் ஒதுக்குவதுதான் வழக்கம். தலைகீழாகச் செய்ய வேண்டும். மூலம் ஒரு லட்சம் சொற்கள் என்றால், 10 முதல் 13 வயதினருக்கு 25,000 முதல் 30,000 சொற்கள் போதும். அதில் பாதியாவது பதினெட்டு வயதுக்கு முந்தைய வாழ்க்கையாக இருக்கட்டும். எல்லா அத்தியாயங்களையும் சமமாகச் சீவக் கூடாது. சீவினால் முதலில் உதிர்வது மணம், ஒலி, பேச்சு, தயக்கம் ஆகியவைதான்; தகவல் மட்டும் மிஞ்சும். சில அத்தியாயங்களை முழுதாக நீக்கிவிட்டு, மற்றவற்றை ஏறக்குறைய அப்படியே விடுவது மேல். இடைவெளியை மூன்று நான்கு வரிகளில், சாய்வெழுத்தில், தொகுப்பாசிரியர் குரலில் நிரப்பலாம்.

குழந்தைப் பருவத்திலேயே பார்வையும் கேட்கும் திறனும் இழந்த ஹெலன் கெல்லரின், 1903இல் நூலாக வந்த தன்வரலாற்றைப் பாருங்கள். கையில் தண்ணீர் வழிய, பொருள்களுக்குப் பெயர் உண்டு என்று அவர் உணரும் காட்சியை யாரும் விடமாட்டார்கள். அதற்குச் சற்று முன்புதான் பாடத்தில் பொறுமை இழந்து புதுப் பொம்மையைத் தரையில் அறைந்து உடைத்திருப்பார். வருத்தம் துளியும் வரவில்லை என்றும் எழுதியிருப்பார். தண்ணீருக்குப் பிறகு வீடு திரும்பியதும் உடைந்த துண்டுகளைத் தேடியெடுத்து ஒட்டவைக்கப் பார்க்கிறார், முடியவில்லை, முதல்முறையாக வருந்தி அழுகிறார். இடம் போதவில்லை என்று பொம்மையை வெட்டினால் தண்ணீர்க் காட்சி வெறும் அற்புதமாகிவிடும். சொல் வந்ததும் மனசாட்சியும் வந்தது என்பது வாசகருக்குக் கிடைக்காமலே போகும். காந்தியடிகள் சிறுவயதில் அண்ணனின் காப்பிலிருந்து தங்கம் வெட்டியெடுத்ததும், அதைத் தந்தைக்கு எழுதி ஒப்புக்கொண்டதும் இப்படித்தான். திருட்டை நீக்கிவிட்டு நேர்மையை மட்டும் வைத்தால் எந்தச் சிறுவன் நம்புவான்?

வன்முறை, மரணம், அவமானம் ஆகியவற்றை மறைக்க வேண்டாம். உடல் சார்ந்த விவரங்களைக் குறைக்கலாம். அதன் பின்விளைவைக் குறைக்கக் கூடாது. தாய் இறந்த பத்தியை நீக்கிவிட்டு, அடுத்த அத்தியாயத்தில் சித்தி வந்து நிற்கும் பதிப்புகளும் உண்டு. இதைத் தவிர்க்க, வெட்டத் தொடங்கும் முன்பே ஆள் பட்டியல் ஒன்று போட வேண்டும்: ஒவ்வொருவரும் முதலில் எங்கே வருகிறார், கடைசியாக எங்கே வருகிறார் என்று. முதல் வருகை வெட்டப்பட்டால், அடுத்து வரும் இடத்தில் அவர் யார் என்பதை ஒரு வரியில் சேர்க்கலாம். மூலத்தில் இல்லாத உரையாடலை மட்டும் எழுதிச் சேர்க்கவே கூடாது. அதை நூலாசிரியரே சொன்னதாகத்தான் பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள்.

அத்தியாயத் தலைப்பின் கீழ் ஆண்டும், நூலாசிரியரின் அப்போதைய வயதும் இருந்தால் பெரிய உதவி. பிள்ளைகள் முதலில் கேட்பது அதைத்தான். நூலாசிரியரின் நினைவு பிசகியிருந்தால் மூலத்தைத் திருத்தாமல் அடிக்குறிப்பில் சொல்லலாம்.

நாட்குறிப்புக்கு வேறு விதி. நாளை என்ன நடக்கும் என்று தெரியாமல் எழுதியது அது. ஆகவே தேதிகளை ஒன்றாக்கக் கூடாது. முடிவைப் பின்னட்டையிலேயே சொல்லிவிடவும் கூடாது. நாஜிகளுக்குப் பயந்து குடும்பத்தோடு ஒளிந்திருந்த யூதச் சிறுமி ஆன் ஃபிராங்க், 1944இல் தன் நாட்குறிப்பைத் தானே திருத்தி எழுதத் தொடங்கினார். 1947இல் வந்த முதல் பதிப்புக்காக அவருடைய தந்தை இரு வடிவங்களிலிருந்தும் தொகுத்தார், சில பகுதிகளை விட்டார். அந்த இரு வடிவங்களையும் தந்தை தொகுத்ததையும் அருகருகே வைத்துப் பார்க்கும் ஆய்வுப் பதிப்பு 1986இல் வந்தது. வெட்டியது எது என்று தெரிந்தால்தான் பின்னால் வருபவர்கள் அதை மீட்க முடியும்.

அத்தியாய இறுதியில் நீதியும் கேள்விப் பெட்டியும் வேண்டவே வேண்டாம். தன் வாழ்க்கையைச் சொல்பவர் பேசி முடித்த மறுநொடியே வேறொருவர் குறுக்கே வந்து பாடம் நடத்துவது அவருக்கும் மரியாதை அல்ல, வாசகருக்கும் அல்ல.

மூலநூலின் பெயர், அது வெளிவந்த ஆண்டு, சுருக்கியவர், மொழிபெயர்த்தவர், எந்தப் பகுதிகள் நீக்கப்பட்டன ஆகிய விவரங்கள் இரண்டாம் பக்கத்தில் இருக்க வேண்டும். தங்கள் நாளிதழின் நூல் மதிப்புரைப் பகுதியிலும் சிறார் தன்வரலாறுகளைப் பற்றி எழுதும்போது இந்த விவரங்களைக் குறிப்பிட்டால், பதிப்பாளர்கள் அவற்றை அச்சிடத் தொடங்குவார்கள்.

இங்ஙனம்,
சிறார் நூல் தொகுப்பாளர்கள்