உன் வீட்டுக்குக் கடைக்கால் போடும் முன்

நாணமேடு, கடலூர்
18.5.2025

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. வீட்டை இடித்துவிட்டு மனையை விற்றுவிடலாமா என்று கேட்டிருந்தாய். அதற்கு உட்கார்ந்த இடத்திலிருந்து பதில் எழுத எனக்கு மனம் வரவில்லை. மேஸ்திரியைக் கூட்டிப்போய் ஒருமுறை முழுக்கப் பார்த்துவிட்டு எழுதலாம் என்றிருந்தேன். நேற்றுத்தான் அவருக்கு வேலை ஒழிந்தது.

அம்மா நலமாக இருக்கிறாள். உன்னை விசாரித்தாள். டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு முழங்கால் வலி கூடிவிட்டது, மற்றபடி குறையில்லை. பெரியவன் புதுச்சேரியில் வேலைக்குப் போய்வருகிறான்.

இனி உன் வீடு. பின்கட்டுச் சுவர் முழுவதும் விழுந்துவிட்டது. அது மண்சாந்து வைத்துக் கட்டிய சுவர். இரண்டு நாள் வெள்ளத்தில் ஊறியதும் சாந்து கரைந்து, செங்கல் தனித்தனியாகக் கழன்று கொல்லையில் கிடக்கிறது. முன்கட்டு சுண்ணாம்புச் சாந்து என்பதால் நிற்கிறது. ஆனால் திண்ணை ஓரமாகத் தரை இறங்கி, மூலையில் விரல் நுழையும் அளவுக்கு விரிசல். கூடத்து விட்டத்தை மேஸ்திரி சுத்தியலால் தட்டிப் பார்த்தார். உளுத்துப்போகவில்லை. உன் அப்பா அந்த மரத்தை வாங்கிவந்த கதையை எத்தனை முறை நமக்குச் சொல்லியிருப்பார்! அதை விறகுக் கடைக்கு அனுப்ப நான் சம்மதிக்கமாட்டேன். ஓட்டில் பாதி தேறும். வேம்பு நன்றாக இருக்கிறது.

விற்காதே. இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு என்றே நினைக்கிறேன். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கரையேறியபோது நீயும் இங்கேதான் இருந்தாய். முதலில் வடக்கிலிருந்து அடித்த காற்று பிறகு தெற்கிலிருந்து திரும்பி அடித்ததும், ஓடுகள் சீட்டுக்கட்டு போலப் பறந்ததும் உனக்கு நினைவிருக்கும். பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்ததை நாம் இருவரும் சைக்கிளில் போய்ப் பார்த்தோம். அன்று எல்லாருக்கும் பயம் கூரையைப் பற்றித்தான். குடிசை போனவர்களுக்கு அரசாங்கம் வீட்டுக்கு 1 லட்சம் ரூபாய் என்று ஒரு லட்சம் காங்கிரீட் வீடுகள் அறிவித்தது. நானும் கடன் வாங்கி, கூரையைப் பிரித்துத் தளம் போட்டேன். இனி எந்தக் காற்று வந்தாலும் கவலையில்லை என்று அன்றிரவு நிம்மதியாகத் தூங்கியது ஞாபகம் இருக்கிறது.

ஆனால் பேஸ்மட்டம், அதாவது வீட்டின் அடிமேடை, பழையதுதான். தரையிலிருந்து ஒன்றரை அடி. அதைப் பற்றி நானும் யோசிக்கவில்லை, கட்டியவரும் யோசிக்கவில்லை. காற்றுக்குப் பயந்து கட்டினோம். அடுத்து வந்ததெல்லாம் தண்ணீர். 2015இல் கெடிலமும் பரவனாறும் ஊர் ஊராக மூழ்கடித்தன. 2021 நவம்பரில் தென்பெண்ணை வந்தது. அப்போதும் நான் பாடம் படிக்கவில்லை. வாசலில் நான்கு மணல் மூட்டை போட்டதோடு சரி.

சென்ற ஆண்டு ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 இரவு புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. காற்றைப் பார்த்தால் தானே அளவுக்கு இல்லை. ஆனால் கரையேறிய பிறகு நகராமல் நின்றுவிட்டது. ஒரே நாளில் புதுச்சேரியில் ஏறத்தாழ 48 சென்டிமீட்டர் மழை; மயிலத்தில் 50. மறுநாள் மாலை மழை குறைந்ததும், தப்பித்தோம் என்று அடுப்பு மூட்டினோம். டிசம்பர் 2 அதிகாலையில் தென்பெண்ணையின் குறுக்கே இருக்கும் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிட்டார்கள். அந்தத் தண்ணீர் கடலுக்குப் போகும் வழியில் நாம் இருக்கிறோம்.

அன்றிரவு வீட்டுக்குள் இடுப்பளவு வந்துவிட்டது. வெளியே இழுப்பு அதிகம். தெருவில் காலை வைக்க முடியவில்லை. தலைக்கு மேலே நல்ல காங்கிரீட் தளம் இருக்கிறது, ஆனால் அதற்குப் போகப் படி கிடையாது. பணம் பற்றாமல் படியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று 2012இல் விட்டது, பிறகு பார்க்கவேயில்லை. ஏணியை வெள்ளம் கொண்டுபோய்விட்டது. பெரியவன் ஜன்னல் கம்பியில் கால்வைத்து, சன்ஷேடு மேல் ஏறி, அங்கிருந்து தளத்துக்குத் தாவினான். அம்மாவைப் பழைய புடவையில் தூளி போலக் கட்டி, அவன் மேலிருந்து இழுக்க, நான் கீழிருந்து தோளில் தாங்கினேன். எழுபத்தெட்டு வயது. ஒரு வார்த்தை பேசவில்லை அவள். மேலே போய்ச் சேர்ந்ததும் ‘மாட்டை அவிழ்த்துவிட்டாயா’ என்று மட்டும் கேட்டாள். முழங்கால் அப்போது சுவரில் மோதியதுதான். விடியும்வரை மூன்று பேரும் ஒரு தார்ப்பாய்க்குள் இருந்தோம். இதை நான் உனக்குப் போனில் சொல்லவில்லை. சொல்ல முடியவில்லை.

அதனால் இந்த முறை கையில் காசு வந்ததும் நான் முதலில் கட்டியது படி. சுவருக்குப் பூச்சு இல்லை, கதவு புதிது இல்லை. படி மட்டும் இருக்கிறது. அம்மா ஏறுவதற்காக ஒவ்வொரு படியையும் ஆறு அங்குல உயரத்துக்குமேல் வைக்கவிடவில்லை, பக்கத்தில் கைப்பிடியும் வைத்தேன். ஸ்விட்ச் பெட்டிகளை எல்லாம் ஐந்தடிக்கு மேல் ஏற்றிவிட்டேன்.

இன்னொன்றும் செய்தேன், செய்யாமலும் விட்டேன். மார்கழியிலேயே தெருவில் பலர் சுவருக்கு வெள்ளையடித்துவிட்டார்கள். பொங்கலுக்கு வீடு பழையபடி இருக்கவேண்டும் என்ற ஆசை யாருக்குத்தான் இருக்காது? ஆனால் உள்ளே ஈரம் இருந்ததால் மாசிக்குள் உப்புப் பூத்துப் பெயிண்ட் பொக்கு பொக்காக உதிர்ந்துவிட்டது. நான் மேஸ்திரி பேச்சைக் கேட்டு, நீர் ஏறிய உயரத்துக்கு மேலும் ஒரு அடிவரை பழைய பூச்சைக் கொத்தியெடுத்து, செங்கல் தெரியக் காயவிட்டிருக்கிறேன். இந்த அக்னி நட்சத்திர வெயில் முழுவதும் அதற்குத்தான்.

உன் மனைக்கு வருகிறேன். என் வீட்டுச் சுவரில் வெள்ளம் நின்ற கோடு இன்னும் இருக்கிறது. டியூபில் தண்ணீர் நிரப்பி, அந்தக் கோட்டை உன் வேப்பமரம்வரை மட்டம் பிடித்துக்கொண்டுபோய் ஆணி அடித்துவிட்டு வந்தோம். உன் தரையிலிருந்து நான்கே கால் அடி. புதுத் தரை அதற்கு மேலே இருக்கவேண்டும். ஐந்தடி வைத்துக்கொள்ளலாம் என்கிறார் மேஸ்திரி.

எப்படி உயர்த்துவது என்பதில்தான் எனக்கும் அவருக்கும் வாக்குவாதம். கிராவல் கொட்டிச் சுற்றிலும் சுவர் எழுப்பிவிடலாம், செலவு குறைவு என்கிறார். எனக்கு அது பிடிக்கவில்லை. உன் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் அக்காவை உனக்குத் தெரியும், நமக்குச் சின்ன வயதில் கொழுக்கட்டை கொடுப்பாளே. அவள் குடிசை போய்விட்டது. 10,000 ரூபாய் நிவாரணத்தில் சவுக்குக் கழி நட்டு, கீற்று வேய்ந்து, அதே இடத்தில் இருக்கிறாள். நீ மண்மேடு எழுப்பினால், அடுத்த வெள்ளம் உன்னிடம் ஏறாமல் அவள் வீட்டுக்குள் சுழித்துக்கொண்டு போகும். மேலத்தெருவில் அப்படித்தான் நடந்தது: இரண்டு பேர் மனையை உயர்த்தினார்கள், மூன்றாவது வீட்டில் தண்ணீர் வடிய ஒன்பது நாள் ஆனது. அதனால் தூண் நிறுத்தி, அதன்மேல் தளம் போடு. அடியில் தண்ணீர் புகுந்து வெளியேறட்டும். மற்ற நாளில் அந்த நிழலில் சைக்கிளும் விறகும் இருக்கும். செலவு கூடும், மறைக்கவில்லை. வேண்டுமானால் இரண்டு அறைக்குப் பதில் ஒரு அறையாகக் கட்டு. மனையை வாங்க வருகிறவன் இதையெல்லாம் யோசிப்பானா? நான் விற்காதே என்று சொல்வது பாதி இதற்காகத்தான்.

அக்காவுக்குக் கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் மனு போட்டிருக்கிறோம். 360 சதுர அடி வீட்டுக்கு 3.5 லட்சம் கிடைக்கும். பட்டா அவள் மாமனார் பெயரில் இருப்பதால் நிற்கிறது. வாரிசுச் சான்றிதழுக்கு நான் அவளுடன் போய்வருகிறேன்.

மேற்கூரைக்கு உன் பழைய விட்டத்தையும் தேறிய ஓட்டையும் போடலாம். நான்கு பக்கமும் சரிவாக வைத்தால் காற்று பிடிக்காது. விட்டத்தைச் சுவர்மேல் வெறுமனே உட்காரவைக்காமல், தூணிலிருந்து வரும் கம்பியோடு பட்டை போட்டுப் பிணைக்கவேண்டும். தாழ்வாரத்துக் கூரை தனியாக இருக்கட்டும். காற்று அதைத் தூக்கினாலும் பெரிய கூரையை இழுத்துக்கொண்டு போகாது. மணல் விஷயத்தில் மட்டும் நீ எனக்கு எழுதித் தரவேண்டும்: யார் மலிவாகக் கொடுத்தாலும் கடற்கரை மணல் வேண்டாம். அந்த உப்பு கம்பியைத் தின்றுவிடும். தேவனாம்பட்டினத்தில் சுனாமிக்குப் பிறகு கட்டிய வீடுகளைப் போய்ப் பார், உப்புக்காற்றுக்கே சில தளங்களில் கம்பி துருவேறித் தெரிகிறது.

வைகாசி 21 வாஸ்து நாள். ஜூன் 4, புதன்கிழமை. அன்று கடைக்கால் போட்டால் ஐப்பசி மழைக்குள் தளம் போட்டுவிடலாம். தள்ளிப்போட்டால் ஆடி வந்துவிடும், மேஸ்திரியும் வேறு வேலைக்குப் போய்விடுவார். திருப்பூரிலிருந்து இரண்டு நாள் முன்னதாகவே வா. பத்திரமும் அப்பாவின் இறப்புச் சான்றிதழும் எடுத்துவா. தங்கச்சியையும் பிள்ளைகளையும் அழைத்துவந்தால் மேல் தளத்தில் பாய் விரித்துப் படுக்கலாம், இப்போது படி இருக்கிறது.

அம்மா உனக்கு நெத்திலிக் கருவாடு எடுத்து வைத்திருக்கிறாள்.

என்றும் உன் நண்பன்