ரெசாங் லாவின் வீரர்கள் குறித்துப் பாதுகாப்பு அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாதுகாப்பு அமைச்சர் அவர்களுக்கும் அமைச்சகத்தின் உயர் அதிகாரிகளுக்கும்,

வணக்கம். 1962 நவம்பர் 18 அன்று, லடாக்கில் சுமார் 16,000 அடி உயரத்தில் உள்ள ரெசாங் லா கணவாயில், மேஜர் சைத்தான் சிங் தலைமையிலான 13-ஆம் குமாவுன் பட்டாலியனின் சார்லி கம்பெனி சீனப் படையை எதிர்த்து நின்றது. ஏறத்தாழ 120 பேர். அருகே சுஷுலில் உள்ள நினைவுக்கல் 114 பேரை மாண்டவர்களாகக் குறிக்கிறது. காயம்பட்ட பிறகும் காவல்நிலைகளுக்கிடையே சென்று வீரர்களை ஊக்கப்படுத்திய மேஜர், தம்மைச் சுமந்து வந்தவர்களிடம் தம்மை அங்கேயே விட்டுவிட்டுச் செல்லுமாறு கட்டளையிட்டார். அவருக்குப் பரம் வீர் சக்ரா வழங்கப்பட்டது.

அந்தப் போரைவிட, அதற்குப் பின் நடந்ததே என்னை அதிகம் உறுத்துகிறது. உயிர் தப்பி வந்த சிலர் நடந்ததைச் சொன்னபோது பலர் நம்பவில்லை. 1963 பிப்ரவரியில் ஓர் ஆட்டிடையர் அந்த உடல்களைக் கண்டு சொன்ன பிறகு, தேடிச் சென்ற குழுவினர் பதுங்குகுழிகளில் ஆயுதத்தைப் பற்றியபடியே உறைந்து கிடந்தவர்களைப் பார்த்தனர். மருத்துவ உதவியாளரின் கையில் ஊசியும் கட்டுத்துணியும் இருந்தன. மோர்ட்டார் பிரிவிடம் இருந்த ஆயிரம் குண்டுகளில் ஏழுதான் மிஞ்சியிருந்தன. உயிரோடு வந்தவர்களின் சொல்லுக்குக் கிடைக்காத மதிப்பு, பனியில் கிடந்த உடல்களுக்குத்தான் கிடைத்தது.

இடையில் குறுக்கிட்ட மலைமுகட்டால் அந்தக் கம்பெனிக்குப் பீரங்கி உதவி கிடைக்க வழியில்லை. கையில் இருந்தவையோ பழைய .303 துப்பாக்கிகள். இத்தகைய நிலையில் அவர்களை அங்கே நிறுத்திய முடிவுகளின் பின்னணி என்ன? 1962 தோல்வியை ஆராய்ந்து இராணுவ அதிகாரிகளான லெப்டினன்ட் ஜெனரல் ஹென்டர்சன் புரூக்ஸும் பிரிகேடியர் பகத்தும் 1963-இல் அளித்த அறிக்கையை அரசு இன்றுவரை வெளியிடவில்லை. அதன் ஒரு பகுதி 2014-இல் இணையத்தில் வெளியான பின்னும் நிலை மாறவில்லை. பகத், இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் மிக உயரிய வீர விருதான விக்டோரியா சிலுவை பெற்றவர். வீரத்தைக் குறைத்து எழுதக்கூடியவர் என்று அவரை யாரும் ஐயுற முடியாது.

நம் பக்கத்துப் பழைய நடுகற்கள்கூட வீரனின் பெயரை மட்டும் சொல்லி நின்றுவிடுவதில்லை. எந்த மன்னனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, யார் கவர்ந்த ஆநிரையை மீட்கப்போய் அவன் பட்டான் என்பதையும் பொறித்து வைத்திருக்கின்றன.

25 ஆண்டுகளுக்கு மேற்பட்ட போர் ஆவணங்களை மதிப்பிட்டுத் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு மாற்றும் கொள்கையை 2021-இல் நீங்களே அறிவித்தீர்கள். அதன்படி இந்த அறிக்கையை முழுமையாக வெளியிடுமாறு வேண்டுகிறேன். எல்லைப் பாதுகாப்பு கருதிச் சில பக்கங்களை நிறுத்திவைக்க வேண்டுமென்றால், காரணத்தைக் குறிப்பிட்டு அவற்றை மட்டும் நிறுத்திவையுங்கள். லடாக் களம் பற்றிய பகுதிகளையாவது முதலில் தாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு குடிமகன்