பாத்திரக்காரரிடம் போட்டுவிடாதே, அம்மா

லெஸ்டர், இங்கிலாந்து,
ஞாயிறு மாலை

அன்புள்ள அம்மாவுக்கு,

நாங்கள் இங்கே நலம். உன் முட்டி வலி எப்படி இருக்கிறது? போனில் கேட்டால் "அதெல்லாம் சரியாப் போச்சு" என்று முடித்துவிடுகிறாய். கடிதத்திலாவது உள்ளதைச் சொல்.

ஒரு சந்தோஷமான சேதி. மறுபடி தைக்க ஆரம்பித்துவிட்டேன். பழைய மெஷின் ஒன்று மலிவாகக் கிடைத்தது, கரண்ட்டில் ஓடுவது. உன் உஷா மெஷினை இரண்டு காலாலும் மிதித்துப் பழகியவளுக்கு, சின்னப் பெடலை ஒற்றைக் காலால் அழுத்துவது முதலில் பிடிபடவே இல்லை. இப்போது பழகிவிட்டது.

எனக்கு டாப்ஸாக மாற்ற முதலில் எடுத்தது உன் மாப்பிள்ளையின் ஆபீஸ் சட்டைகளை. காலர்தான் நைந்திருந்தது, மற்றபடி துணி நல்ல கெட்டி. காலரைப் பிரித்து எடுத்துவிட்டு, கீழே இருந்த பட்டையை அப்படியே விட்டேன். அழகான குட்டிக் கழுத்து கிடைத்தது. தோளில்தான் வேலை. ஆம்பளைச் சட்டை தோளைத் தாண்டித் தொங்குமே! கையைப் பிரித்து, தோளில் ஒன்றரை இஞ்ச் குறைத்து, கைக்குழியைப் புதிதாக வரைந்தேன். கையை முழங்கைக்கு மேலே வெட்டி, சுருக்கம் வைத்து ஏற்றினேன். மிஞ்சிய கைத்துணியில் சாய்வாக வெட்டி கிராஸ் பீஸ் எடுத்து ஓரம் அடித்தாயிற்று. காஜாவும் பட்டன் பட்டியும் ஏற்கெனவே இருக்கின்றன. அந்த வேலை எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். பட்டன் எதிர்ப்பக்கம் இருப்பதால் நாலு நாள் விரல் தடுமாறியது, அவ்வளவுதான்.

ஒரு சட்டை வீணானது. தையலுக்கு அரை இஞ்ச் விடாமல் வெட்டிவிட்டேன், அக்குளில் பிடித்துக்கொண்டது. "தையலுக்கு விட்டியா?" என்று கேட்க நீ பக்கத்தில் இல்லை.

பக்கத்து வீட்டுப் பாட்டி அந்தக் கைச் சுருக்கத்தைத் தடவித் தடவிப் பார்த்தார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இங்கே துணிக்கும் ரேஷனாம். 1941-இல் தொடங்கி, போர் முடிந்த பிறகும் 1949 வரை. முதல் வருஷம் ஆளுக்கு 66 கூப்பன்தான். பழைய துணியை எப்படி மாற்றித் தைப்பது என்று 1943-இல் அரசாங்கமே கையேடு போட்டிருக்கிறது. அவருடைய அம்மா, அப்பாவின் பேண்ட்டைப் பிரித்து இவருக்குப் பாவாடை தைத்துக் கொடுத்தாராம்.

அப்புறம், நீ கொடுத்தனுப்பிய அரக்குச் சுங்குடிச் சேலை. அதிலும் ஒரு டாப்ஸ் தைத்தேன். உட்காரும் இடம் நைந்துவிட்டது. முந்தியும் கரையும் புதுசு போல இருக்கின்றன. கத்தரி வைக்க மனசே வரவில்லை. ஒவ்வொரு புள்ளியும் ஒருத்தர் கையால் முடிந்து சாயம் போட்டதில்லையா? ஒரு வரிசைப் புள்ளி கழுத்துக்கு நேர் நடுவில் இறங்கும்படி மடித்து வைக்கவே அரைமணி நேரம் ஆனது. கரையைக் கீழே போட்டதால் ஓரம் மடித்து அடிக்கும் வேலை மிச்சம். 14-ஆம் நம்பர் ஊசி துணியை இழுத்தது. 11 போட்டதும் தையல் சீராக விழுந்தது. லைனிங்குக்கு உன் மாப்பிள்ளையின் பழைய வேட்டி. குளிருக்கு ஸ்வெட்டருக்குள் போட்டுக்கொள்கிறேன், கழுத்தில் அந்த அரக்கு மட்டும் தெரிகிறது.

அதனால் ஒன்று கேட்கிறேன். பழைய சேலைக்குப் பாத்திரம் தருகிறவர் தெருவில் வந்தால், பீரோவின் கீழ்த்தட்டைத் திறக்காதே. பச்சைச் சுங்குடியும் மஞ்சளும் எனக்கு வேண்டும். தம்பி அடுத்த மாதம் வரும்போது கொடுத்துவிடு. துவைத்து, கஞ்சி போடாமல்.

உன் அன்பு மகள்